லேப்டாப் வாங்கும் முன் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கவுன்சிலிங் முடிந்து, ஆடித் தள்ளுபடி விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. இந்தப் பகுதிக்கு லேப்டாப் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, பத்துக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பையனுக்கு மெக்கானிக்கல் சீட் கெடச்சிருக்குதுங்க. எங்க மூத்தார் பையன், ‘கேமிங் லேப்டாப்பா வாங்குங்க சித்தி, மெக்கானிக்கலுக்கு அதுதான் வேணும்’ங்கிறான். கடைக்காரரும் அதையேதான் சொல்றாரு. எம்பதாயிரம் போட்டு இப்பவே வாங்கீரலாமுங்களா?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

அவசரம் வேண்டாம் அம்மா. பணத்தை எடுக்கும் முன் துறை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் எந்த வரைபட மென்பொருள் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?” முதலாண்டில் பெரும்பாலும் பைத்தான் நிரலும் இன்ஜினியரிங் கிராபிக்ஸும்தான். பைத்தானுக்கு எந்தப் புது லேப்டாப்பும் போதும். கிராபிக்ஸ் பாடத்துக்கு டிராஃப்டரும் பென்சிலும் வேண்டும், லேப்டாப் வேண்டாம்.

சாலிட்வொர்க்ஸ், காட்டியா, கிரியோ என்ற வரைபட மென்பொருள்கள் மூன்றும் விண்டோஸில் மட்டும் ஓடுபவை. இவற்றில் ஒரு பாகத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போதுதான் கேமிங் லேப்டாப்பில் தனியாக வரும் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை. மாணவர்கள் செய்யும் இருபது, முப்பது உதிரிபாகங்கள் கொண்ட அசெம்ப்ளிக்குப் பிராசசரோடு கூட வரும் கிராபிக்ஸே ஈடுகொடுக்கும். பாகங்கள் நூற்றுக்கணக்கில் போனால்தான் திரை இழுக்கும். ஆன்சிஸ் போன்ற கணிப்பு மென்பொருளுக்கோ முதலில் வேண்டியது ரேம் என்ற தற்காலிக நினைவகம். அது பற்றாமல் போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

இனி எடை. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் செங்கல் போன்ற அடாப்டர் தனியாக அரை கிலோவுக்கு மேல். பாடக்குறிப்பு எழுதும் நேரத்திலும் 15 முதல் 20 வாட் வரை தின்னும். 50 வாட்-மணி பேட்டரியை அதால் வகுத்துப் பாருங்கள், இரண்டரை முதல் மூன்றேகால் மணி நேரம்தான் தேறும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிளக் பாயின்ட் தேட வேண்டிவரும்.

ஆகவே பையன் தினமும் கல்லூரிப் பேருந்தில் போய் வருகிறவன் என்றால்: 16 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, ‘எச்’ வகைப் பிராசசர் (அடுத்த பதிலில் விளக்கம்), தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒன்றரைக் கிலோச் சொச்ச லேப்டாப். பெரிய வேலைகளுக்குக் கல்லூரி லேபில் இயந்திரங்கள் இருக்கும். ஹாஸ்டலில் மேசையிலேயே வைத்திருப்பான் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி என்ற கிராபிக்ஸ் கார்டு அளவில் ஒன்று வாங்கலாம். அதற்கு மேலான கார்டு பாடத்துக்காக அல்ல. அது எதற்காக என்று உங்கள் மூத்தார் பையனுக்கு நன்றாகவே தெரியும்.

ஈரோட்டுல ரெண்டு கடை ஏறி எறங்கியாச்சுங்க. ரெண்டுலயும் ‘ரைசன் 5, 8 ஜிபி, 512’னுதான் எழுதியிருக்குது. வெல மட்டும் பன்னெண்டாயிரம் வித்தியாசம். எதனாலங்க?
— பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாமாண்டு சேரும் மாணவர், பெருந்துறை

தம்பி, பிராசசரில் ஏஎம்டியின் ‘ரைசன் 5’ என்பதும் இன்டெலின் ‘ஐ5’ என்பதும் குடும்பப் பெயர் மாதிரி. ஆளை அடையாளம் காட்டுவது அதற்குப் பின்னால் வரும் எண். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் அது முழுதாக இருக்கும். கடையில் மாட்டியிருக்கும் விலைச்சீட்டில் பாதிதான் இருக்கும்.

ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யூ என்றால் அந்த 2, சிப்பின் அடிப்படை ஜென் 2 என்று சொல்கிறது. அது 2019-இல் வந்த வடிவமைப்பு. கோர் என்ற கணிப்பு அலகு நான்குதான், ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது. 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். 7640எச்எஸ் என்றால் ஜென் 4. மூன்றுமே ரைசன் 5 தான், மூன்றிலும் முதல் எண் 7 தான். அந்தப் பன்னிரண்டாயிரம் பெரும்பாலும் இந்த ஓர் இலக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடுங்கள்.

இன்டெலில் கடைசி எழுத்து முக்கியம். ஐ5-1334யூ என்பதில் 10 கோர், ஐ5-13420எச் என்பதில் 8 கோர். பத்துதானே பெரிது என்று தோன்றும். முதலாவதில் முழு வலுவுள்ள கோர் இரண்டே, மீதி எட்டும் சின்னவை. இரண்டாவதில் வலுவானவை நான்கு, சின்னவை நான்கு. யூ வகை 15 வாட் கணக்கில் செய்தது, எச் வகை 45 வாட். குறிப்பெடுக்க, பிரவுசர் பார்க்க, பேட்டரி நிற்க யூ நல்லது. நிரலை கம்பைல் செய்ய, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட்ட, வரைபட மென்பொருளுக்கு எச் நல்லது. இன்டெலின் மலிவு வகையான செலரான் என்று எழுதியிருந்தால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது ரேம். கடையிலேயே இயந்திரத்தைப் போடச் சொல்லி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. வலது கீழ் மூலையில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரி. அதற்கு எதிரே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் போர்டில் பற்றவைத்த ரேம். ‘சோடிம்’ என்று வந்தால் கழற்றி மாட்டும் ரேம். அதற்கு மேலேயே ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’ என்று இரண்டில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றால் பின்னால் இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். வாங்கும்போது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும். வெட்டுக்குறி இருக்கும் இடம் வேறு என்பதால் ஒன்று இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராது. அழுத்தி உட்கார வைத்தால் பள்ளம் உடையும்.

ஒற்றை ரேமோடு வரும் இன்டெல் இயந்திரங்களில் இன்னொரு கூத்து உண்டு. பெட்டியில் ‘ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ்’ என்று இருக்கும், விண்டோஸோ ‘யூஎச்டி கிராபிக்ஸ்’ என்று காட்டும். ஏமாற்று வேலை அல்ல. ஐரிஸ் முழு வேகத்தில் ஓட ரேம் இரட்டைத் தடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் பெயர் தானாக மாறும். இன்று 8 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது அவ்வளவாகச் செல்லாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 16 ஜிபியாகவே வரும் இயந்திரத்தின் விலையையும், 8 வாங்கிக் கூட்டும் செலவையும் கடையில் நின்றே கூட்டிப் பாருங்கள்.

512 என்று வாங்கிய எஸ்எஸ்டி 476 என்று காட்டுகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை.

மகள் ஃபேஷன் டிசைன் சேர்ந்திருக்கா. நாங்க பனியன் கம்பெனி வெச்சிருக்கோம். கலர் சரியாத் தெரியற லேப்டாப் எதுங்க?
— திருப்பூர் வாசகர்

உங்களுக்குத் தொழிலே கலர் என்பதால் நேராகச் சொல்லிவிடலாம். ஐம்பதாயிரத்தை ஒட்டி விற்கும் லேப்டாப்புகளின் விவரத்தாளில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்’ என்று அடிக்கடி இருக்கும். முதலாவது வண்ண அளவு, இரண்டாவது வெளிச்ச அளவு. அந்தத் திரை வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாது. அதிகம் அடிபடுவது சிவப்பு. மெரூனும் செங்கல் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே தெரியும். உங்கள் மகளுக்கு ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ்’ வேண்டும். பழைய தாள்களில் ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தாலும் ஏறத்தாழ அதுவேதான். ‘ஐபிஎஸ்’ என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. ஐபிஎஸ் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத தன்மை. எத்தனை நிறம் காட்டும் என்பது வேறு கணக்கு.

கடையில் சோதிக்க எளிய வழி: கம்பெனியிலிருந்து இரண்டு ஷேடு கார்டு கொண்டு போங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று ஆரஞ்சு. அதே நிறங்களைத் திரையில் முழுதாக விரித்துவிட்டு, இரண்டு லேப்டாப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நைட் லைட் என்ற மஞ்சள் பூச்சு அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா மூன்றுக்கும் 16 ஜிபி ரேம் போதும். எவ்வளவு நல்ல திரையானாலும் அதைப் பார்த்துச் சாயப்பட்டறைக்கு ஷேடு ஓகே சொல்லக் கூடாது என்பதை மட்டும் மகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குச் சாயமேற்றிய மாதிரித் துணியான லேப் டிப்பும், அதை நிலையான வெளிச்சத்தில் பார்க்கும் லைட் பாக்ஸும்தான்.

தோட்டத்து வீடுங்க. சார்ஜ் போட்டுட்டு லேப்டாப் மேல கைய வெச்சா சுறுசுறுன்னு இழுக்குது. சர்வீஸ் சென்டர்ல ‘மெசின்ல ஒண்ணுமில்ல’ங்கிறாங்க. அதோட மோட்டார் போட்டா கரண்டு எறங்கும், நிப்பாட்டுனா ஏறும். ஸ்டெபிலைசர் வாங்கோணுமா?
— பொள்ளாச்சி வாசகர்

சர்வீஸ் சென்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அடாப்டருக்குள் உயர் அழுத்தப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே, மின் இரைச்சலை அடக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கசியும். மூன்று முள் பிளக்கும் நல்ல எர்த்தும் இருந்தால் அது எர்த்தில் இறங்கிவிடும். எர்த் செத்திருந்தால் உலோக உடம்பில் தங்கி, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கிறவர் உடம்பு வழியே இறங்கும். புறங்கையால் மெல்லத் தடவினால் அதிர்வு போலத் தெரியும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் காரணம் அதுதான். ‘சுருக்’கென்று தூக்கியடித்தாலோ, ஒயர் உரிந்திருந்தாலோ, அடாப்டர் விரிசல் விட்டிருந்தாலோ கதையே வேறு. அப்போது அதைத் தொடவே தொடாதீர்கள்.

தோட்டத்து வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்து போவது சாதாரணம். மண் ஈரமில்லாவிட்டால் எர்த் வேலை செய்யாது. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, குழியில் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கின் மேல் முள்ளை உடைத்து இரண்டு முள் பாயின்டில் செருகியிருந்தால் புதுப் பிளக் வாங்கி மாற்றுங்கள். சோதனையை நீங்களே செய்ய வேண்டாம்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. அடாப்டரின் முதுகைப் பாருங்கள், ‘இன்புட் 100-240’ என்று அச்சிட்டிருக்கும். மின்னழுத்தம் 170-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு. போஸ்டில் நியூட்ரல் ஒயர் தளர்ந்தால் வீட்டில் ஒரு பக்கம் விளக்கு கண்ணைக் கூசும்படி எரியும், இன்னொரு பக்கம் மங்கும். அந்த நேரத்தில் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். அப்படித் தெரிந்தால் வேறு எதையும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். ஸ்பைக் கார்டு ஒரு நொடித் துள்ளலைத் தாங்கும், தொடர்ந்து ஏறி நிற்கும் அழுத்தத்தைத் தாங்காது, கருகிவிடும். அழுத்தம் ஏறினால் கரண்டை வெட்டும், ஃபிரிட்ஜுக்குப் போடுகிற ஹைவோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று இருந்தால் லேப்டாப்புக்கும் அது காவல்.

சித்திரை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஸ்விட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டுகிறது. இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள், இடி அந்த வழியாகவும் வரும். இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் அடாப்டர் ரீங்காரமிட்டுச் சூடாகும். சைன் வேவ் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

வூட்டை ஒட்டியே தறி ஓடுதுங்க. அண்ணன் லேப்டாப் ஒரே வருசத்துல ஃபேன் கத்தி, கீபோர்டு கொதிக்க ஆரம்பிச்சிருச்சு. இப்ப எனக்குப் புதுசு வாங்கறாங்க. என்ன பண்ணுனா தப்பிக்கும்?
— கல்லூரி சேரும் மாணவி, சோமனூர்

லேப்டாப்பின் ஃபேன் காற்றை அடியிலிருந்து உறிஞ்சிப் பக்கவாட்டில் இருக்கும் தாமிரத் தகடுகள் வழியே தள்ளும். அந்தத் தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறும் மண் தூசி அதில் நுழைந்து வெளியே போய்விடும். பஞ்சுத் தூசி போகாது. இழை இழையாகப் பின்னிக்கொண்டு, ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாகப் படிந்துவிடும். காற்றுக்கு வழியில்லாமல் பிராசசர் 95, 100 டிகிரிக்கு ஏறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘லேப்டாப் ஸ்லோ ஆயிருச்சு’ என்று அண்ணன் சொல்வது அதைத்தான். விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் அது சரியாகாது.

அண்ணன் இயந்திரத்துக்கு வாரண்டி முடிந்திருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடித்தட்டைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் லேப்டாப் படம் வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் கை வைக்கும் பக்கத்தில் மேலே புடைத்துவிடும். உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு ஃபேன் சுழலாதபடி ஒரு பல்குச்சியைச் செருகிவிட்டு, அந்தப் பஞ்சுப் படலத்தை இடுக்கியால் முழுசாக உரித்து எடுங்கள். மீதியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் பஞ்சு திரும்ப ஃபேன் இறக்கையில்தான் போய்ச் சுற்றிக்கொள்ளும். பட்டறைக் கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது, அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

உங்கள் புது இயந்திரத்துக்கு: யூ வகைப் பிராசசராக வாங்குங்கள். சூடு குறைவு, ஃபேன் ஓடும் நேரமும் குறைவு. தறி இருக்கும் பக்கம் எடுத்துப் போகவே வேண்டாம், வேலை முடிந்ததும் பைக்குள் வையுங்கள். மெத்தை மேல் வைத்தால் அடிப்பக்கத் துளை அடைபடும். மேசையில் பின்பக்கம் இரண்டு அழிரப்பரை முட்டுக் கொடுத்தாலே காற்று நன்றாகப் போகும். வாரண்டி இருக்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டரில் திறந்து சுத்தம் செய்வார்களா, எவ்வளவு என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பி.காம். சேர்றேன். இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல முடியாதுங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? அரசு லேப்டாப் வருமா?
— நாமக்கல் வாசகர்

அரசு லேப்டாப்பை முதலில் விசாரியுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. உங்கள் கல்லூரியில், உங்கள் ஆண்டுக்கு உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணத்தை எடுங்கள். பி.காமுக்கு டேலி, எக்செல், ஜூம் இவைதான். டேலி பிரைமைக் காசில்லாமல் எஜுகேஷன் முறையில் போட்டுப் பழகலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் வவுச்சர் போட விடும். பயிற்சிக்கு அது தாராளம்.

அந்தத் தொகைக்குப் புதிதாகக் கிடைப்பதைவிட, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப் வலுவானது என்பது எங்கள் கருத்து. ஆனால் இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். ஐ5-க்குப் பிறகு 8250 என்பது போல எட்டில் தொடங்க வேண்டும். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 இவை பெரும்பாலும் சரி, அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும் டி470, 7480, ஜி4 இவை ஒரு தலைமுறை பழையவை. விலை குறைவாகச் சொன்னால் காரணம் அதுதான்.

வாங்கும் முன் மூன்று சோதனை. ஒன்று: விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் கண் முன்னால் இன்டர்நெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனிப் பெயர் போட்டு ‘உங்கள் அலுவலகக் கணக்கில் உள்ளே வாருங்கள்’ என்று கேட்டால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவில் இருக்கிறது, வேண்டாம். இரண்டு: அணைத்துப் போடும்போது திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் திருப்பிக் கொடுங்கள். மூன்று: பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். ‘டிசைன் கெபாசிட்டி’ 48,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ்’ 31,000 என்றும் இருந்தால் மிச்சம் 65 சதவீதம். புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ உண்மையிலயே வட்டி இல்லாததுங்களா? எங்க கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல பில் போட்டா வரி திரும்பக் கெடைக்கும்னு சொல்றாங்களே?
— கரூர் வாசகர்

வட்டி உண்டு, அதை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். கார்டில் போட்டால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உங்கள் தலையில் விழும். 2,500 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால் 450. இதோடு செயலாக்கக் கட்டணமும் அதற்கு வரியும். ‘ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அறுபதாயிரத்துக்கு வாங்கினால் அதற்குள் 9,153 ரூபாய் வரி. ஆசை வரத்தான் செய்யும். தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்குத்தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியும். மகன் கல்லூரிக்குக் கொண்டு போகும் லேப்டாப்புக்கு அல்ல. பில் மாணவர் பெயரிலேயே இருக்கட்டும், ஹாஸ்டலில் திருட்டுப் போனால் போலீஸில் காட்ட அதுதான் உதவும். கல்விக் கடன் வாங்குகிறவர்கள், படிப்புக்குக் கணினி அவசியம் என்றால் அதன் விலையையும் கடனில் சேர்க்க வங்கியில் கேட்கலாம். கடை கொட்டேஷனைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மேக்புக் வாங்கலாமா?
— சேலம் மாணவர்

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தாராளமாக. மெக்கானிக்கல், சிவில், பி.காம். என்றால் வேண்டாம். சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் டேலியும் அதில் நேரடியாக ஓடாது. வாங்கினால் 16 ஜிபிக்குக் குறையாமல். பின்னால் கூட்டவே முடியாது.

மகளுக்கு லேப்டாப் வாங்குகிறோம். கடையில் பணம் கட்டி வெளியே வருவதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— தாராபுரம் வாசகி

பெட்டியின் சீல் உங்கள் முன்னால்தான் உடைய வேண்டும். பெட்டித் தாள், லேப்டாப்பின் அடிப்பக்கம், பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். பிறகு வெள்ளை, கறுப்பு என்று திரையை முழு நிறத்தில் விரித்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லா யூஎஸ்பியிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்ப்பது, கேமரா, மைக், வைஃபை. இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. விண்டோஸ் 11 ஹோம், முதல் முறை திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். மகளிடம் கணக்கு இல்லை, அல்லது பாஸ்வேர்டு மறந்துபோச்சு. கடைப் பையன் ‘நான் போட்டுத் தர்றேங்க்கா’ என்று கடையின் கணக்கைப் போட்டுவிடுவார். உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் கணக்கு உள்ளே போனதும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். அதன் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். எட்டு மாதம் கழித்து ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து அந்தச் சாவியைக் கேட்கும். கடையில் அந்தப் பையன் இருக்க மாட்டார். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட், ரெக்கார்டு எதையும் எந்தச் சர்வீஸ் சென்டராலும் எடுக்க முடியாது.

ஆகவே வீட்டிலேயே மகள் பெயரில் கணக்கு ஒன்று உருவாக்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கணக்கில் நுழைந்து 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து பீரோவில் வையுங்கள். எம்எஸ் ஆபீஸ் கூட வருகிறது என்றால் அதையும் அதே கணக்கில் உடனே இயக்கிவிடுங்கள். கெடு தாண்டினால் அந்த உரிமை போய்விடும். வாரண்டி தொடங்கிய தேதியைக் கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பர் போட்டுப் பாருங்கள். பில் தேதிக்கு முன்னால் தொடங்கியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆன்டிவைரஸ், கீபோர்டு கவர், ஸ்க்ரீன் கார்டு, கூலிங் பேடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐநூறுங்கிறாங்க. வேணுமா?
— காந்திபுரம் கடை வாசலிலிருந்து ஒரு தந்தை

விண்டோஸில் கூடவே வரும் பாதுகாப்பு ஒரு மாணவருக்குப் போதும், ஆன்டிவைரஸ் வேண்டாம். சிலிகான் கீபோர்டு கவர் சூட்டை உள்ளே அடைக்கும். மூடும்போது தடித்து நின்றால் திரையை அழுத்தும். கேமராவுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் மூடியும் அப்படித்தான், ஒல்லியான லேப்டாப்பில் அதை வைத்துக்கொண்டு மூடித் திரை விரிசல் விடுவது உண்டு. கூலிங் பேடு கேமிங் இயந்திரத்துக்கு மட்டும். அந்த மூவாயிரத்து ஐநூறில் தண்ணீர் புகாத நல்ல பை ஒன்றும், ப்ராஜெக்டுகளை நகலெடுத்து வைக்க ஒரு 128 ஜிபி பென் டிரைவும் வாங்குங்கள். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடுகட்டும் கூடுதல் வாரண்டி எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரண வாரண்டியில் அந்த இரண்டும் வராது.